கப்பியின் பின்பக்கம் சிவப்பு நூல் தெரிகிறதா?

தொட்டியில் அலங்கார மீன் வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. கப்பியோ மோலியோ, வயிறு கொஞ்சம் உப்பியிருக்கும். ஆசனவாயிலிருந்து இரண்டு மூன்று சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மீன் அசையாமல் நிற்கும்போது அவை நன்றாகத் தெரியும். நீந்த ஆரம்பித்தால் உள்ளே போய்விடும். படத்தோடு வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். "சார், கல் உப்பு போட்டேன், நீல மருந்து ஊற்றினேன், மஞ்சள் மருந்தும் ஊற்றினேன். சரியாகவில்லை. அடுத்து என்ன ஊற்றலாம்?"

அடுத்து எதையும் ஊற்றுவதற்கு முன் அது என்ன புழு என்று தெரிய வேண்டும். பொது மருந்தாக விற்கும் மெத்திலீன் புளூ, மாலகைட் கிரீன், அக்ரிஃபிளேவின் எதுவும் குடலுக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஆன்டிபயாடிக் மாத்திரையும் அப்படித்தான். போதாக்குறைக்கு, அது ஃபில்டரில் வளர்ந்திருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கெடுத்து, தண்ணீரில் அம்மோனியாவை ஏற்றிவிடும். புழுவோடு இன்னும் பல வாரம் இருந்திருக்கக்கூடிய மீன், அம்மோனியாவில் ஓரிரு நாளில் போய்விடும். புழு என்று என்னிடம் வரும் தொட்டிகளில் மருந்தால் செத்த மீன்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிவப்பு நூலாகத் தெரிவது கமலானஸ் என்ற உருளைப்புழு. நம் தொட்டிகளில் வருவது பெரும்பாலும் கமலானஸ் காட்டி என்ற இனம். 1927இல் ஜப்பானில் ஃபுஜிதா என்பவர் இதை விவரித்தார். பிறகு அலங்கார மீன் வணிகத்தோடு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வாயில் இருக்கும் கெட்டியான உறுப்பால் குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். சிவப்பு நிறம் அதனால்தான். பெண் புழு முட்டை போடாது, உயிருள்ள குட்டிப் புழுக்களையே வெளியே விடும். அவை தொட்டியின் அடியில் நெளிந்துகொண்டிருக்கும். இயற்கையில் அவற்றைச் சைக்ளாப்ஸ் போன்ற மிகச் சிறிய நீர்வாழ் உயிரினங்கள் தின்ன வேண்டும், சைக்ளாப்ஸை மீன் தின்ன வேண்டும். தொட்டிக்குள் இந்த இடைத்தரகரே இல்லாமல் மீனிலிருந்து மீனுக்கு நேராகவும் தொற்றும். அதனால் ஒரு மீனில் தெரிந்தால், அந்தத் தொட்டியில் உள்ள எல்லா மீனுக்கும் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தயவுசெய்து ட்வீசரால் பிடித்து இழுக்காதீர்கள். புழு கவ்வியிருக்கும் இடத்தில் குடல் கிழிந்துவிடும்.

இதற்கு நான் முதலில் எடுப்பது லெவமிசோல் என்ற குடற்புழு மருந்து. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மி.கி. என்ற அளவில் தொட்டியில் கலந்து 24 மணி நேரம் விட வேண்டும். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டி முழுதாக நிரம்பினால் சுமார் 56 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் என்று வையுங்கள். 90 மி.கி. போதும். கையில் இருக்கும் திரவத்தில் ஒரு மில்லிக்கு 30 மி.கி. என்று அச்சடித்திருந்தால் 3 மில்லி. "ஒரு மூடி" என்ற கணக்கு மட்டும் வேண்டாம்.

லெவமிசோல் வெளிச்சத்தில் கெட்டுப்போகும். விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடிவிடுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். காற்றுக்குழாய் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அப்புறம் வருவதுதான் பலர் விட்டுவிடும் வேலை. இந்த மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்கிறது. பிடி தளர்ந்து புழு வெளியே விழும், ஆனால் அதற்குள் உயிரும் குட்டிகளும் மிச்சம் இருக்கலாம். மீன் அதையே உணவென்று கொத்தித் தின்னும். எனவே 24 மணி நேரம் முடிந்ததும் அடித்தளம் முழுவதையும் டியூப் வைத்து உறிஞ்சி எடுத்து, பாதிக்கு மேல் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து முழுவதையும் இன்னொரு முறை செய்ய வேண்டும். நூல் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக இரண்டாம் முறையைத் தள்ளிப்போட்டவர்கள்தான் மாதம் கழித்து மறுபடி அதே படத்தை அனுப்புகிறார்கள்.

கால்நடை மருந்துக் கடையில் வாங்கும்போது லேபிளை முழுக்கப் படியுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் விற்கும் திரவங்களில் லெவமிசோலோடு ஆக்சிகுளோசனைடு போன்ற வேறு மருந்தும் கலந்திருக்கும். அவை மீனுக்கு ஆகாது. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தின் பக்கமே போக வேண்டாம். மீனுக்கு அது விஷம், குணமாகும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

ஏஞ்சல், டிஸ்கஸ் மீன்கள் வைத்திருப்பவர்களின் பிரச்சினை வேறு மாதிரி. வெளியே எதுவும் தொங்காது. மீன் தின்னும், தின்றும் இளைக்கும். சில சமயம் உணவை வாயில் வாங்கித் துப்பும். மலம் வெள்ளையாக நூல்போல இழுபடும். இது கபிலேரியா என்ற இன்னொரு உருளைப்புழுவாக இருக்கலாம், ஹெக்சாமிட்டா வகை ஒற்றைச்செல் ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. புது மலத்தில் ஒரு துளியைச் சிலைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பல சமயம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கபிலேரியாவின் முட்டை ஒரு குட்டிப் பீப்பாய் போல, இரு முனையிலும் கண்ணாடி மூடி போட்டதுபோல இருக்கும். ஹெக்சாமிட்டா என்றால் சின்னஞ்சிறு உயிர்கள் கிடுகிடுவென்று ஓடிக்கொண்டிருக்கும். முதலாவதற்கு ஃபென்பெண்டசோல், இரண்டாவதற்கு மெட்ரோனிடசோல். மாற்றிக் கொடுத்தால் பலன் இல்லை.

ஃபென்பெண்டசோல் தண்ணீரில் சரியாகக் கரையாது, உணவில்தான் கொடுக்க வேண்டும். 100 கிராம் உணவுக்கு 250 மி.கி. கலந்து, ஜெலட்டின் சேர்த்துப் பிசைந்தால் மருந்து தண்ணீரில் கழன்று போகாது. மூன்று நாள் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி மூன்று நாள். மீன் தின்பதை நிறுத்திய பிறகு இந்த வழி அடைபட்டுவிடும். இளைப்பு தெரிந்த வாரமே வாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

தங்க மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கிறது, ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு வேகமாக மூச்சு வாங்குகிறது என்றால் ஃப்ளூக் எனப்படும் தட்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். இதற்கு லெவமிசோலை நம்ப முடியாது. பிரசிகுவாண்டல் வேண்டும், லிட்டருக்கு 2 மி.கி. முதல் போடலாம். தோலில் அதிகம் வரும் கைரோடாக்டைலஸ் குட்டி போடும் வகை. மைக்ராஸ்கோப்பில் தாயின் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் கொக்கிகள்கூடத் தெரியும். செவுளில் வரும் டாக்டைலோகைரஸுக்கு நான்கு கண்புள்ளிகள் இருக்கும், அது முட்டை போடும். முட்டையை மருந்து கொல்லாது. நம் ஊர் வெப்பத்தில் சில நாளிலேயே பொரிந்துவிடும் என்பதால், ஒரு வாரத்துக்குள் அடுத்த முறை மருந்து போட வேண்டும். குளிர்ந்த நாட்டுக்காரர்கள் வீடியோவில் சொல்லும் இடைவெளி இங்கே பொருந்தாது.

புழு மாதிரி தெரிவதெல்லாம் புழுவும் இல்லை. தங்க மீன், கோய் உடம்பில் குச்சி குத்தியதுபோல நீட்டிக்கொண்டு, நுனியில் இரண்டு சின்னப் பைகள் தொங்கினால் அது லெர்னியா. ஆங்கர் புழு என்று கடையில் சொல்வார்கள், உண்மையில் இறால், நண்டு கூட்டத்தைச் சேர்ந்தது. குடற்புழு மருந்துக்கு அது அசையாது. கண்ணாடியில் மெல்லிய வெள்ளைப் புழு ஊர்கிறதா? பெரும்பாலும் அது மிஞ்சிய உணவைத் தின்று வாழ்வது. மீனுக்குக் கெடுதல் இல்லை. தீனியைக் குறைத்து, அடியைச் சுத்தம் செய்தால் போதும்.

இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன? புதிதாக வாங்கிய மீன், குளத்திலோ வாய்க்காலிலோ அள்ளி வந்த உயிருணவு, ஒரே வலையை எல்லாத் தொட்டிக்கும் போடும் பழக்கம். சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் வாங்கினாலும் சரி, நண்பர் கொடுத்தாலும் சரி, புது மீனை நான்கு வாரம் மணல் இல்லாத தனித் தொட்டியில் வையுங்கள். அடியில் விழுவதெல்லாம் அங்கே கண்ணுக்குத் தெரியும். நோய் வந்த மீனையும் அந்தத் தண்ணீரையும் ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். ஹவாய் தீவுகளில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கப்பி வகை மீன்களோடு போன கமலானஸ், இன்று அங்குள்ள ஓடைகளின் சொந்த மீன்களையும் தொற்றியிருக்கிறது.

இந்தப் புழு குழந்தைகளுக்கு வருமா என்று கேட்பவர்களுக்கு: கமலானஸ் மனிதருக்குத் தொற்றாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நான் சொன்ன மருந்து அளவுகள் அலங்கார மீனுக்கு மட்டும். சாப்பிட வளர்க்கும் மீன் குளத்தில் இவற்றைப் போடக் கூடாது.

பரிசோதனைக்கு வரும்போது மீனை உயிரோடு, அதே தொட்டித் தண்ணீரில் கொண்டுவாருங்கள். ஃப்ரீசரில் வைத்த மீனில் ஃப்ளூக்கைத் தேடுவது வீண், மீன் செத்த கொஞ்ச நேரத்திலேயே அவை செத்தோ கழன்றோ போய்விடும். இன்னொரு பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம், ஒரு சின்ன டப்பாவில் அன்று காலை விழுந்த மலம், அப்புறம் இதுவரை ஊற்றிய மருந்துகளின் லேபிள் படம்.