எத்தனை ஹெக்டேர் எரிந்தது என்ற கேள்வி மட்டும் போதாது

காட்டுத் தீ பற்றிய செய்திகளில் முதலில் இடம்பெறுவது எரிந்த பரப்பளவுதான். தீயின் போக்கையும் அது காட்டில் விட்டுச் செல்லும் விளைவுகளையும் ஆராய்வதே என் பணி. அந்த எண் காட்டுக்கு நேர்ந்ததைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன். ஒரே தீயில் எரிந்த இரண்டு சரிவுகளில் ஒன்று அடுத்த மழைக்கே துளிர்த்துவிடுவதும், மற்றொன்று பல ஆண்டுகள் மொட்டையாகக் கிடப்பதும் உண்டு. வெப்பம் எவ்வளவு எழுந்தது, மண்ணில் எவ்வளவு நேரம் தங்கியது, முந்தைய தீ எப்போது வந்தது ஆகிய மூன்றையும் கேட்காமல் சேதத்தை மதிப்பிட முடியாது.

தீயின் போக்கை எரிபொருளும் வானிலையும் நிலத்தின் சரிவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. காய்ந்த புல்லும் மெல்லிய சுள்ளியும் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே உலர்ந்துவிடுகின்றன. பருத்த கட்டைகள் உலர வாரக்கணக்கில் ஆகும். காலையில் பற்றாத புல்வெளி பிற்பகலில் கொழுந்துவிட்டு எரிவதும், நீண்ட வறட்சிக்குப் பிந்தைய தீ நாள்கணக்கில் அணையாமல் கனன்றுகொண்டிருப்பதும் இதனால்தான். மேல்நோக்கிய சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது களத்தில் பயன்படும் கணக்கு; சுவாலை முன்னாலுள்ள செடிகளை நெருங்கி, அவற்றை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. தீயிடமிருந்து தப்ப மேட்டை நோக்கி ஓடுவது ஆபத்தானது என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்கும் இதுவே காரணம்.

மண்ணுக்குள் நடப்பது இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. விரைந்து கடந்துபோகும் புல்தீ, சுவாலை எவ்வளவு உயர்ந்தாலும், சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணைப் பெரிதாகச் சூடாக்குவதில்லை. கீழே கிடக்கும் ஒரு பெரிய கட்டை மணிக்கணக்கில் கனன்றால் நிலைமை வேறு: தாவரத் திசு ஏறத்தாழ 60 பாகை செல்சியஸிலேயே மடியத் தொடங்குவதால், அங்குள்ள வேர்களும் விதைகளும் பூஞ்சை இழைகளும் சேர்ந்தே அழிகின்றன. எரிந்த நிலத்தில் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது சாம்பலைத்தான். கருகிய சருகின் உருவம் இன்னும் தெரிந்தால் வெப்பம் மேலோட்டமாகவே இருந்திருக்கிறது. வெண்சாம்பலும் செம்மையேறிய மண்ணும் நீண்ட நேரச் சூட்டின் அடையாளம். பிறகு சாம்பலை விலக்கி, மண்ணில் ஒரு துளி நீரை விடுவோம். சில இடங்களில் அது உட்புகாமல், தாமரை இலைமேல் நீர்போல உருண்டு நிற்கும். எரியும் சருகிலிருந்து வெளிப்படும் மெழுகுத்தன்மையுள்ள ஆவிகள் கீழிறங்கி, குளிர்ந்த மண்துகள்களின் மேல் படிந்துவிடுவதே காரணம். இத்தகைய சரிவில் கனமழை பெய்தால் நீர் மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு இறங்குகிறது. கலிஃபோர்னியாவில் 2017 டிசம்பரில் மூண்ட பெருந்தீக்குப் பின், 2018 ஜனவரி 9 அன்று மான்டெசிட்டோவில் சேறும் பாறைகளும் பாய்ந்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீயை அணைத்ததோடு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், தீ எல்லாக் காடுகளுக்கும் பகை என்று கருதிவிடக் கூடாது. 1988-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தீயால் பாதிக்கப்பட்டபோது, பூங்காவே அழிந்துவிட்டது என்று பலர் வருந்தினார்கள். ஆனால் அங்குள்ள லாட்ஜ்போல் பைன் மரங்கள் பலவற்றின் கூம்புகள் பிசினால் மூடப்பட்டவை. சூட்டில் பிசின் உருகினால்தான் அவை திறந்து விதைகளை உதிர்க்கும். எரிந்த நிலத்தில் நாற்றுகள் அடர்ந்து எழுந்தன. புகையில் உள்ள, விதை முளைப்பைத் தூண்டும் ஒரு வேதிப்பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004-இல் இனங்கண்டார்கள்.

காடுகள் தாங்கிக்கொள்ளாதது தீக்களுக்கு இடையிலான கால அளவு மாறிப்போவதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் 'மவுண்டன் ஆஷ்' என்ற யூகலிப்டஸ் கடுந்தீயில் மடிந்து, விதையிலிருந்து மட்டுமே மீண்டெழுகிறது. போதிய விதை தாங்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் வேண்டும். அதற்குள் இரண்டாவது தீ வந்தால் அந்த இடத்தை வேல மரங்களும் புதர்களும் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு நேர்மாறான கேடும் உண்டு. மேற்கு அமெரிக்காவின் பாண்டரோசா பைன் காடுகளில், மரவளையங்களில் பதிந்த தீத்தழும்புகள் அடிக்கடி வந்துபோன மிதமான தரைத்தீக்களைக் காட்டுகின்றன. மூளும் ஒவ்வொரு தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று அந்நாட்டு வனத்துறை 1935-இல் விதித்தது. தரைத்தீ தடுக்கப்பட்ட காடுகளில் சருகும் இளமரங்களும் அடர்ந்தன. அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறும் தீ இப்போது மர உச்சிகளை எட்டுகிறது.

காட்டோரம் வசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது பறந்து வரும் தீப்பொறிகளை. பல வீடுகள் சுவாலை எட்டுவதற்கு முன்பே, கூரையில் சேர்ந்த சருகில் பொறி விழுந்து பற்றிக்கொள்கின்றன. ஆகவே கூரையையும் சுவரை ஒட்டிய ஒன்றரை மீட்டர் இடத்தையும் எரியக்கூடிய பொருளின்றி வையுங்கள். தீக்குப் பின் கருகி நிற்கும் மரங்களை, சாலையிலோ குடியிருப்பிலோ விழும் அபாயம் இல்லையென்றால், உடனே வெட்டி அகற்ற வேண்டாம். மரங்கொத்திகளும் வண்டுகளும் அவற்றை நம்பி வருகின்றன. கன்று நடுவதற்கு முன் ஒரு மழைக்காலமாவது பொறுத்து, மண்ணிலிருந்து தானாக முளைப்பது எது என்று பாருங்கள். எரிந்த சரிவின் அடிவாரத்தில் வசிப்பவர்கள், குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு, கனமழை எச்சரிக்கை வந்தவுடனே இடம்பெயர்ந்துவிடுவது அவசியம்.