அம்மா குளிக்க மாட்டேங்கிறாங்க

“காலையில சாப்பிட்டது ஞாபகம் இல்ல டாக்டர். பேரன் பேர் ஞாபகம் இல்ல. ஆனா பாத்ரூம் வாசல் வந்ததும் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேங்கிறாங்க. நடிக்கிறாங்களோன்னு இருக்கு.”

அல்சைமர் என்ற மறதி நோய் வந்த அம்மாவை அழைத்துவந்த மகள் சொன்னது. இந்த ‘நடிக்கிறாங்களோ’ என் காதில் அடிக்கடி விழும் சொல்.

ஜெனீவாவைச் சேர்ந்த மருத்துவரும் உளவியலாளருமான எடுவார் கிளாபரேட் 1911-ல் எழுதிவைத்த சம்பவம் ஒன்று உண்டு. புது நினைவு எதுவும் தங்காத ஒரு பெண்மணி. தினம் பார்க்கும் மருத்துவரையே யாரென்று கேட்பவர். ஒருநாள் விரலிடுக்கில் குண்டூசியை ஒளித்துக்கொண்டு அவருடன் கைகுலுக்கினார் கிளாபரேட். குத்தியது அவருக்குச் சீக்கிரமே மறந்துபோனது. ஆனால் பிறகு கை நீட்டியபோது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. (இன்று இப்படிச் செய்தால் டாக்டர் வேலையே போய்விடும். போகவும் வேண்டும்.)

நடந்ததைப் பதிந்துவைப்பது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அல்சைமர் ஆரம்பத்திலேயே கைவைக்கும் இடங்களில் அது ஒன்று. ஆபத்து என்று மணி அடிப்பது அதை ஒட்டி பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா. நோய் அதையும் விடுவதில்லை என்றாலும், பயந்த தடம் நினைவோடு சேர்ந்து அழிந்துவிடுவதில்லை. ‘சும்மா தண்ணிதானே’ என்று அந்த மணியை அமர்த்த வேண்டிய மூளையின் முன்பகுதியும் போகப்போகத் தளர்ந்துவிடுகிறது. 2014-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்தது மறந்த பிறகும் சோகம் நீடித்தது. சொல்லப்போனால், குறைவாக நினைவிருந்தவர்களிடம்தான் அது அதிகநேரம் தங்கியது.

மகளைக் கிளறிக் கேட்டதில் விஷயம் வந்தது. அவசரத்தில் ஒருநாள் பின்னாலிருந்து தலையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அம்மா அலறியிருக்கிறார், இவரும் கத்தியிருக்கிறார். சொல்லும்போதே மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்கும் போய்க்கொண்டு தனியாளாகப் பார்த்துக்கொள்பவர், அவரை நான் என்ன குறைசொல்ல?

‘அமைதியாக இருக்க’ மாத்திரை கேட்டார். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு தீவிர மனநோய்க்குத் தரும் ஆன்டிசைக்கோடிக் மாத்திரைகள் உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்தது. வேறு வழியே இல்லாதபோதுதான் எழுதுவேன். முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மூட்டுவலி இருக்கிறதா என்று பார்த்தேன். நேற்றுவரை சரியாக இருந்தவர் இன்று திடீரென்று மிரண்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பிறகு பாத்ரூமை மாற்றினோம். உட்கார பிளாஸ்டிக் நாற்காலி, நல்ல வெளிச்சம். முன்னால் வந்து அவர் பார்க்கும்படி நிற்க வேண்டும். மக்கை அவர் கையிலேயே கொடுத்து, முதல் தண்ணீர் பாதத்தில், தலைக்குக் கடைசியில். ‘குளிக்க வா’ என்ற சொல்லே கூடாது, ‘காலுக்குக் கொஞ்சம் வெந்நீர் விடட்டுமா’ போதும்.

மூன்று வாரம் கழித்து மகள் போன் செய்தார். பாதி நாள் குளிக்கிறாராம். மீதி நாள் ஈரத்துண்டால் துடைத்துவிடுகிறாராம். அது போதும் என்றேன்.