ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பதற்குத் தமிழ் என்ன?

கட்டுமானத் துறையில் அண்மைக்காலமாக அடிபடும் சொல் 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்'. 'திறன்மிகு ஒப்பந்தம்', 'அறிவார்ந்த ஒப்பந்தம்' என்று தமிழில் எழுதுகிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. 'இது நடந்தால் அதைச் செய்' என்று எழுதிவைத்ததை அப்படியே நிறைவேற்றும் கணினி நிரல் அது. அதில் அறிவும் இல்லை, திறமையும் இல்லை.

சொல்லைப் படைத்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் நிக் சாபோ, ஆண்டு 1994. அவர் பின்னர் காட்டிய உவமையே நமக்கு வழி சொல்கிறது: காசு போட்டால் குளிர்பானம் தரும் இயந்திரம். காசு விழுந்தால் புட்டி வரும். கடைக்காரர் மனம் வைக்க வேண்டியதில்லை. அந்த இயந்திரத்தை அறிவாளி என்று யாரும் சொல்வதில்லை, தானியங்கி என்கிறோம். ஆகவே 'தானியங்கு ஒப்பந்தம்' என்பதே பொருந்தும்.

இந்த நிரல் குடியிருக்கும் இடம் பிளாக்செயின் எனும் மின்கணக்கேடு. பிட்காயின் என்ற மின்பணத்தை முன்மொழிந்து 2008இல் வெளியான கட்டுரையில் 'பிளாக்செயின்' ஒரே சொல்லாக இல்லை. 'பிளாக்', 'செயின்' இரண்டும் தனித்தனியாகவே வருகின்றன. தானியங்கு ஒப்பந்தங்களை எழுதுவதற்கென்றே வந்த எத்தீரியம் என்ற பிளாக்செயின் 2015இல் இயங்கத் தொடங்கியது. பிளாக்செயினுக்குக் 'கட்டச்சங்கிலி' என்ற நேர்பெயர்ப்பைவிட 'தொடரேடு' எனக்குப் பிடித்திருக்கிறது. 'தொடர்' என்றாலே சங்கிலிதான்: சங்கிலியில் கட்டிய நாயைப் புறநானூற்றின் 74ஆம் பாட்டு 'தொடர்ப்படு ஞமலி' என்கிறது. 'ஏடு' கணக்கு எழுதும் இடம். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் அடையாள எண்ணைச் சுமப்பதால், நடுவில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் அடுத்த பக்கங்கள் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். ஏட்டின் படி பலரிடமும் இருக்கும்.

கட்டுமானத்துக்கு இது எதற்கு? பிரிட்டனைப் பாருங்கள். சாபோ சொல்லைப் படைத்த அதே 1994இல், அந்நாட்டுக் கட்டுமானத் துறையின் பணப் பட்டுவாடாச் சச்சரவுகளை ஆராய்ந்து மைக்கேல் லேதம் அறிக்கை தந்தார். 'எனக்கு மேலிருந்து பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்' என்று துணை ஒப்பந்ததாரரிடம் சொல்லும் வழக்கத்தை 1996ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடைசெய்தது. ஆனாலும் இழுத்தடிப்பு ஓயவில்லை. 2018 ஜனவரியில் கரிலியன் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் சரிந்தபோது, தனக்கு வேலை செய்தவர்களுக்குப் பணம் தர அது வைத்திருந்த வழக்கமான கெடு 120 நாள் என்பது நாடாளுமன்றக் குழுக்களின் விசாரணையில் பேசப்பட்டது. சுமார் 30,000 பேருக்கு நிறுவனம் பாக்கி வைத்திருந்தது.

தானியங்கு ஒப்பந்தம் வந்தால், 'அடித்தள வேலை முடிந்தது' என்று பொறியாளர் ஏட்டில் பதிந்த மறுகணம் துணை ஒப்பந்ததாரருக்கும் அவருக்குக் கீழே இருப்பவருக்கும் பங்கு பிரிந்து போய்விடும். வேலையில் குறை வந்தால் சரிசெய்யவென்று பிடித்தம் செய்த 3 முதல் 5 சதவீதத் தொகையும் அந்தக் குறைதீர் காலம் முடிந்ததும் தானாக விடுபடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் முன்கூட்டியே பூட்டிவைக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டி காலியாக இருந்தால் நிரல் என்ன செய்யும்? கையில் பணம் புரள வேண்டும் என்று நினைக்கும் முதலாளிகள் இதற்கு எளிதில் இசைய மாட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கம்பி 12 மில்லிமீட்டரா 10 மில்லிமீட்டரா என்பது கான்கிரீட் மூடிய பிறகு தொடரேட்டுக்குத் தெரியாது. அளந்தவர் எழுதியதே அங்கே வேதம். நம் பொதுப்பணித் துறையில், முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்துக்குள்ள மரியாதை இதனால்தான். பொய் அளவை எழுதினால், அழிக்க முடியாத பொய்யாக அது உட்கார்ந்துவிடும்.

'ஒப்பந்தம்' என்ற பின்பாதியிலும் ஒரு வழுக்கல் உண்டு. எல்லாத் தானியங்கு ஒப்பந்தமும் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம் ஆகாது. பல வெறும் நிரல்களே. சட்டப்படி கட்டுப்படுத்துவதை மட்டும் வேறொரு பெயரால் பிரித்துப் பேசிய இங்கிலாந்து, வேல்ஸ் சட்ட ஆணையம், இருக்கும் சட்டமே அதற்குப் போதும் என்று 2021 நவம்பரில் சொன்னது. அந்த வகையைத் தமிழில் 'தானியங்கு சட்ட ஒப்பந்தம்' எனலாம். இந்தச் சொற்களை எழுத்தில் ஆளும்போது இப்படி வரும்: 'மேம்பாலப் பணிக்கான பட்டியல் தொகை தானியங்கு ஒப்பந்தம் வழியே விடுவிக்கப்பட்டது, அளவு விவரங்கள் தொடரேட்டில் உள்ளன.'