கான்ஃபரன்ஸ்: கல்லூரி கோல்ஃபில் இது மாநாடு இல்லை

அமெரிக்கக் கல்லூரி கோல்ஃப் பருவம் முடிந்து முடிவுகளும் விருதுகளும் அறிவிக்கப்படும் நேரத்தில், அந்தச் செய்திகளில் ஒன்றைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பாருங்கள். 'பெரிய பத்து மாநாட்டின் ஆண்டின் சிறந்த வீரர்', 'அனைத்து மாநாட்டு முதல் அணி', 'மாநாட்டுப் பதக்கம் வென்றவர்' என்றெல்லாம் வரக்கூடும். படிக்கிறவர் கண்முன் திடலும் பந்தலும் கொடிகளும் வருமே ஒழிய, புல்வெளி வராது. குற்றம் இயந்திரத்துடையது மட்டுமில்லை. கான்ஃபரன்ஸ் என்றதும் மாநாடு என்று எழுதத்தான் நம் கையும் பழகியிருக்கிறது.

விளையாட்டில் கான்ஃபரன்ஸ் என்பது ஆட்கள் கூடிப் பேசும் நிகழ்ச்சி அல்ல, ஆண்டு முழுக்க இயங்கும் ஓர் அமைப்பு. சில பல்கலைக்கழகங்கள் தாமாகச் சேர்ந்து, தங்களுக்குள் போட்டி நடத்தவும் விதிகள் வகுக்கவும் வருமானத்தைப் பங்கிடவும் ஏற்படுத்திக்கொண்ட கூட்டு அது. அதற்கென்று ஒரு ஆணையர், அலுவலகம், தொலைக்காட்சி ஒப்பந்தம் எல்லாம் உண்டு. தேசிய அளவில் என்சிஏஏ என்னும் பெரிய சங்கம் இருக்கிறது. அதற்குக் கீழே, ஆனால் அது பிரித்துக் கொடுக்காமல் கல்லூரிகளே அமைத்துக்கொண்டவைதான் இந்தக் கான்ஃபரன்ஸ்கள். உறுப்பினர் விலகலாம், வேறொன்றில் போய்ச் சேரலாம். அப்படி விலகுவதும் சேர்வதும் அங்கே பெரிய செய்தி.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'கான்' என்றால் ஒருசேர, 'ஃபெர்ரே' என்றால் சுமந்து வருதல். ஒருசேரக் கொண்டுவந்து வைப்பது என்பதுதான் 'கான்ஃபெர்ரே'யின் முதற்பொருள். இந்த ஃபெர்ரேயும் சமஸ்கிருதத்தின் 'ப்ருʼ' என்ற வினையடியும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தவை. அந்த வினையடியிலிருந்து வந்த பாரம் என்ற சொல் தமிழிலும் புழங்குகிறது என்பதால் நமக்கு முழுக்க அந்நியமான வேர் இல்லை.

கொண்டுவந்து சேர்த்தால் அடுத்து என்ன செய்வோம்? பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்தப் பொருளும் லத்தீன் சொல்லுக்கு உண்டு. ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் 'ஒப்பிடுக' என்ற பொருளில் வரும் 'சி.எஃப்.' இதே வினையின் சுருக்கம்தான். மூன்றாவதாக 'வழங்குதல்' என்ற பொருள். பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் பட்டம் வழங்குவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கான்ஃபர்' என்ற வினையும் இந்த வழியில் வந்ததே. சேர்த்தல், ஒப்பிடல், வழங்கல் மூன்றையும் ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு கோல்ஃப் கான்ஃபரன்ஸ் வரிசையாகச் செய்வது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

சரி, கூடிப் பேசுவதைக் குறித்த சொல் அமைப்பின் பெயரானது எப்படி? 1895 ஜனவரியில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஓட்டலில் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். கூட்டியவர் பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட். கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அப்போது கட்டுக்கடங்காமல் போய்க்கொண்டிருந்தது. மாணவராகவே இல்லாதவர்கள்கூடக் கல்லூரிப் பெயரில் ஆடினார்கள். முழுநேர மாணவர் மட்டுமே ஆடலாம், படிப்பில் பின்தங்கியவர் ஆடக்கூடாது என்பது போன்ற விதிகளை உருவாக்கத்தான் அந்தக் கூட்டம். அடுத்த ஆண்டு, 1896 பிப்ரவரியில், ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒரு பேராசிரியர் வந்து அமர்ந்து அமைப்பை முறைப்படி நிறுவினார்கள். அதற்கு வைத்த பெயரின் தமிழ் வடிவம் ஏறக்குறைய 'ஆசிரியப் பிரதிநிதிகளின் கல்லூரிகளிடை மாநாடு' என்று வரும். அன்றைக்கு அது சரியான பெயர்தான், பேராசிரியர்கள் உண்மையிலேயே கூடிப் பேசினார்கள். பேச்சு முடிந்தபின் எழுந்து போயிருந்தால் சொல்லும் அத்தோடு முடிந்திருக்கும். அவர்கள் வருடாவருடம் கூடினார்கள். கூட்டத்தின் பெயர் கூடியவர்களின் பெயராயிற்று, பிறகு அவர்களுடைய கல்லூரிகள் சேர்ந்த அமைப்பின் பெயராயிற்று. இன்று பிக் டென் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

இதற்கு முன்பே இருந்த இத்தகைய கூட்டுகள் தங்களைச் 'சங்கம்' என்றே அழைத்துக்கொண்டன. 1888இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியதும் சரி, 1894இல் தென்மாநிலங்களில் தொடங்கியதும் சரி, அசோசியேஷன்தான். சிகாகோ அமைப்பு புகழ்பெற்ற பிறகு வந்தவற்றில் கான்ஃபரன்ஸ் என்ற பெயர் பெருகியது. 1921இல் சதர்ன் கான்ஃபரன்ஸ், அதிலிருந்து பிரிந்து 1932இல் எஸ்இசி என்கிற சவுத்ஈஸ்டர்ன், 1953இல் ஏசிசி என்கிற அட்லாண்டிக் கோஸ்ட்.

மெதடிஸ்ட் திருச்சபையிலும் இந்தச் சொல் இதே பாதையில் போயிருக்கிறது. 1744இல் ஜான் வெஸ்லி தன் போதகர்களைக் கூட்டி நடத்திய கலந்துரையாடல்தான் முதல் கான்ஃபரன்ஸ். காலப்போக்கில் அந்தச் சபையில் வருடாந்திரக் கூட்டத்துக்கும், ஒரு வட்டாரத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்த நிர்வாகப் பிரிவுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ் மெதடிஸ்ட் சபைகளின் நிர்வாகப் பிரிவுகளும் பெயரில் ஆனுவல் கான்ஃபரன்ஸ் என்பதைத் தாங்கியிருக்கின்றன. விளையாட்டுக்காரர்கள் அங்கிருந்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கூடுகிறவர்கள் நிலையாகக் கூடினால் சொல் இப்படித்தான் நகரும்.

நம் ஊரிலும் நகர்ந்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர், சபை, நகரம், நாடு என்று அவைகளின் பெயர்கள் வருகின்றன. நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த நிலப்பகுதி. அந்தப் பகுதியின் நாட்டார் கூடிய அவைக்கும் நாடு என்றே பெயர். ஒரு நாட்டைத் தாண்டிப் பல நாடுகளின் வேளாளர்கள் சேர்ந்த அமைப்பாகச் சித்திரமேழிப் பெரியநாட்டார் இருந்தார்கள். ஆக, அவையும் அமைப்பும் வட்டாரமும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்த காலம் தமிழில் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் 'மாநாடு' என்ற மொழிபெயர்ப்பு தெரியாமலே ஒரு பழைய உண்மையைத் தொட்டுவிடுகிறது. ஆனால் இன்றைய வாசகருக்குக் கல்வெட்டு நினைவுக்கு வராது, கட்சி மாநாடுதான் வரும். அதனால் அதைப் பயன்படுத்த முடியாது.

இனி கோல்ஃபுக்கு வருவோம். கால்பந்திலோ கூடைப்பந்திலோ கான்ஃபரன்ஸ் என்பது வாராவாரம் கண்ணில் படும். உன் மைதானம், என் மைதானம் என்று மாறி மாறி ஆடுவார்கள், புள்ளிப் பட்டியல் இருக்கும். கோல்ஃபில் அந்த வழக்கம் இல்லை. செப்டம்பரில் தொடங்கி இலையுதிர்ப் பருவம் கொஞ்சம், குளிர் இடைவெளி, பிப்ரவரியிலிருந்து வசந்தப் பருவம். இந்தப் போட்டிகளில் எல்லாம் பத்துப் பதினைந்து கல்லூரிகள் ஒரே மைதானத்தில் ஒன்றாக இறங்கும், யார் எந்தக் கான்ஃபரன்ஸ் என்பதற்கு அங்கே வேலை இல்லை. ஏப்ரல் கடைசி வாக்கில் மூன்று நாள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் நடக்கும். பருவம் முழுக்க மறைந்திருந்த அமைப்பு அப்போதுதான் வெளியே தெரியும். அதில் வெல்கிற அணிக்கு என்சிஏஏ பிராந்தியச் சுற்றில் நேரடி இடம் கிடைக்கும். பெரிய கான்ஃபரன்ஸ்களின் பலமான அணிகளுக்கு இது பெரிய விஷயமில்லை, தரவரிசையை வைத்தே உள்ளே போய்விடுவார்கள். சின்ன கான்ஃபரன்ஸ் அணிக்கோ பெரும்பாலும் அந்த மூன்று நாள்தான் ஒரே வாசல்.

மதிப்பெண் கணக்கு எளிது. ஒரு அணியில் ஐந்து பேர், ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த அடிகள் எடுத்த நால்வரின் எண்ணிக்கை மட்டும் சேரும். ஒரு அணியினர் 71, 73, 74, 76, 82 என்று ஆடினால் 82 கழியும், அணிக்கு 294. மைதானத்தின் பார், அதாவது ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு வகுத்த அடிகள், 72 என்றால் நான்கு பேருக்கு 288 ஆக வேண்டும், எனவே அணி பாருக்கு மேல் 6. இப்படி மூன்று சுற்றுக் கூட்டலில் மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ள அணி சாம்பியன். எஸ்இசி போன்ற சிலவற்றில் மட்டும் இந்தச் சுற்றுகளோடு முடிப்பதில்லை. முன்னணி அணிகள் அதன்பின் நேருக்கு நேர் மோதிப் பட்டத்தைத் தீர்மானிக்கும்.

'மெடலிஸ்ட்' என்ற சொல் தடுமாற வைப்பது இங்கேதான். ஒலிம்பிக் பழக்கத்தில் வெண்கலம் வாங்கியவரும் மெடலிஸ்ட். கல்லூரி கோல்ஃபில் ஒருவர்தான் மெடலிஸ்ட்: மொத்த அடிகள் மிகக் குறைவாக எடுத்தவர். பழைய ஸ்காட்லாந்துச் சங்கங்கள் மொத்த அடிக் கணக்கில் நடத்திய போட்டிகளுக்குப் பதக்கம் கொடுத்தன. அதனால் அடிக்கணக்கு ஆட்டத்துக்கே 'மெடல் ப்ளே' என்ற பெயர் வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1759 முதலே அடிக்கணக்கு ஆட்டம் பதிவாகியிருக்கிறது. தமிழில் 'பதக்கம் வென்றவர்' என்றால் பொருள் கெட்டுப்போகும். 'தனிநபர் முதல்வர்' என்பதும் அரசியல் வாடை அடிக்கிறது. 'தனிநபர் முதலிடம்' என்று எழுதிவிட்டால் சிக்கல் இல்லை. 1961இல் ஓஹையோ ஸ்டேட் மாணவராக ஜாக் நிக்லஸும், 1996இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவராக டைகர் உட்ஸும் தத்தம் கான்ஃபரன்ஸிலும் பிறகு தேசிய அளவிலும் பெற்றது இந்த முதலிடத்தைத்தான்.

விருதுகளில் ஆண்டின் சிறந்த வீரர், சிறந்த புதுமுகம், சிறந்த பயிற்சியாளர் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. பெரும்பாலும் அந்தந்தக் கான்ஃபரன்ஸின் பயிற்சியாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேசிய விருதுகள் வேறு. ஆண்களுக்கு ஃப்ரெட் ஹாஸ்கின்ஸ் விருது, பெண்களுக்கு ஆனிகா விருது என்று அவை தனி வரிசை. 2020இல் ஹாஸ்கின்ஸ் விருது பெற்ற சாகித் தீகலா தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர். அவர் படித்த பெப்பர்டைன் பல்கலைக்கழகம் இருந்தது வெஸ்ட் கோஸ்ட் என்னும் சிறிய கான்ஃபரன்ஸில். கான்ஃபரன்ஸ் சிறியது என்பதால் ஆள் சிறியவராகிவிடுவதில்லை என்பதற்கு அவர் போதும்.

விளக்கம் தேவைப்படுவது 'ஆல்-கான்ஃபரன்ஸ்' என்பதற்கு. இந்த 'ஆல்' எண்ணிக்கையைக் குறிக்கவில்லை, 'எல்லோரிலும் இருந்து பொறுக்கியெடுத்த' என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிரிக்கெட்டுக்கு 'ஆல்-இங்கிலாந்து' பதினொருவர் அணி இருந்தது. 1889 முதல் அமெரிக்கக் கால்பந்தில் 'ஆல்-அமெரிக்கா' பட்டியல் வந்தது. கான்ஃபரன்ஸ் அளவிலான பட்டியலும் அதே பாணி. முதல் அணி, இரண்டாம் அணி என்று பிரிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த அணி ஒருநாளும் களத்தில் இறங்காது, காகிதத்தில் மட்டும் இருக்கும். 'அவர் முதல் அணிக்குத் தேர்வானார்' என்று தமிழில் எழுதினால் அடுத்த ஆட்டம் எப்போது என்று வாசகர் தேடுவார். 'கூட்டமைப்பின் சிறப்புப் பட்டியல், முதல் வரிசை' என்பது என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான், குழப்பம் இல்லை.

கான்ஃபரன்ஸுக்குக் கூட்டமைப்பு என்று எழுதிவிட்டேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 'மண்டலம்' என்று சிலர் எழுதுகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் தென்மண்டலம், வடமண்டலம் என்று இருப்பதால் அது இயல்பாகத் தோன்றும். ஆனால் மண்டலம் என்பது மேலிருந்து இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் வரைபடத்தை வைத்துப் பிரித்தது. நீ எந்த மண்டலம் என்பதை நீ தேர்ந்தெடுக்க முடியாது. கான்ஃபரன்ஸ் நேர் எதிர். 2024இல் பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் போய்ச் சேர்ந்தது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில். பெயரில் ஒரு கடல், கல்லூரி வாசலில் இன்னொரு கடல். இதை மண்டலம் என்றால் நிலவியல் ஆசிரியர் சண்டைக்கு வருவார்.

'கூட்டணி' பொருளில் மிக நெருக்கம். சேர்வது, விலகுவது, பேரம் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டு வாசகர் காதில் அது தேர்தலாகத்தான் விழும். 'லீக்' எல்லோருக்கும் தெரிந்த சொல், ஐவி லீக் கூட ஒரு கான்ஃபரன்ஸ்தான். இருந்தாலும் லீக் என்றதும் நமக்கு வரும் படம் ஐபிஎல் போன்ற ஒரு தொடர். கான்ஃபரன்ஸ் என்பது ஒரே நேரத்தில் பல விளையாட்டுகளை நடத்தும் நிரந்தர நிறுவனம். 'கூட்டமைப்பு' என்பதில் சுயமாகச் சேர்ந்தவர்கள் என்ற குறிப்பும் நிலையான அமைப்பு என்ற குறிப்பும் உள்ளன. ஃபெடரேஷனுக்கும் அதே சொல்தானே என்று கேட்கலாம். 'கல்லூரிக் கூட்டமைப்பு' என்று ஒருமுறை எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் போய்விடும். அப்புறம் வெறும் கூட்டமைப்பு போதும். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் கிழக்கு, மேற்கு என்று ஒரே லீகை இரண்டாகப் பிரித்து அவற்றையும் கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். அங்கே 'பிரிவு' என்று எழுதுவதே சரி. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

தனிப் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். 'பெரிய பத்து' என்று எழுதினால் வாசகர் பத்தை எண்ணத் தொடங்குவார், எண்ணிக்கை சரியாக வராது. 1990இல் பென் ஸ்டேட்டைச் சேர்க்க முடிவெடுத்துப் பதினொன்றானபோது பிக் டென் பெயரை மாற்றவில்லை. எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் 11 என்ற எண் தெரியும்படி சின்னத்தை வரைந்துகொண்டது. 2011இல் பிக் டென்னில் பன்னிரண்டு கல்லூரிகள் ஆனபோது, பிக் 12 என்ற இன்னொரு கூட்டமைப்பில் பத்தே கல்லூரிகள் மிஞ்சியிருந்தன. இப்போது பிக் டென்னில் பதினெட்டு.