ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஆஃப் ஆகும் செயின்சா: தயவுசெய்து ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

இந்த மழை விட்டதிலிருந்து பிஸ்டன் ஜாம் ஆகி என் பட்டறைக்கு வந்த நாலாவது மிஷின் அது. வெள்ளறடைப் பக்கம் ரப்பர் மரம் முறிக்கிற பையன் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"அண்ணே, ஸ்லோவில நல்லா ஓடுது. ஆக்சிலேட்டர் குடுத்தா உடனே ஆஃப். கார்பரேட்டர் ஸ்க்ரூவ நானே செட் பண்ணினேன். ரெண்டு மூடு மரம் நல்லா அறுத்தது. பின்ன ஸ்டார்ட் பண்ற கயிறே வரல்ல."

சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழே ஆணியால் கீறினதுபோல் வரி வரியாக இருந்தது. சிலிண்டரும் போயிற்று. கூட வந்த அவனுடைய மாமாவுக்குத் தொடையில் கட்டு. அதுவும் இதே ஸ்க்ரூ விவகாரம்தான்.

கேரள எல்லையில், பனச்சமூட்டுக்கு இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் 16 வருஷமாக இதே வேலைதான் பார்க்கிறேன். வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கார்பரேட்டர் டியூனிங் போச்சு." நேற்று சாயங்காலம் வரை அறுத்த மிஷினில் ராத்திரி யார் வந்து டியூனிங்கை மாற்றினார்கள்? ஸ்க்ரூ தானாகத் திரும்பாமல் இருக்கத்தான் அதற்கு ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். மாறினது ஸ்க்ரூ அல்ல, பெட்ரோல் வருகிற வழி. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாத ஸ்லோவில், இன்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவில் ஓடும், அதற்குத் துளி பெட்ரோல் போதும். முழு ஆக்சிலேட்டரில் 12,000 சுற்றைத் தாண்டும்போது கேட்கிற அளவு வராவிட்டால் மூச்சுவிட முடியாமல் நின்றுவிடும். ஐடிலிங்கில் ஒழுங்காக ஓடுகிறதென்றால் பிளக்கும் கம்ப்ரஷனும் பெரும்பாலும் சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்க்ரூவைத் திருப்பினதும் சரியானதுபோல் தெரிகிறதே, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. அந்தப் பையனின் மிஷினில் கெட்டிருந்தது டேங்கின் பிரீதர். டேங்குக்குள் காற்றுப் போகிற சின்ன வழி அது. அரிசி அளவுக்கு ரப்பர் பாலும் மரத்தூளும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று இல்லாமல் இழுபடும், கார்பரேட்டருக்குப் பெட்ரோல் வராது. அவன் ஸ்க்ரூவைத் திருப்பினான், கூடவே பெட்ரோல் ஊற்ற மூடியையும் திறந்தான். மூடி திறந்ததும் காற்று உள்ளே போயிற்று, மிஷின் ஓடிற்று. பெயர் ஸ்க்ரூவுக்குப் போயிற்று! ஹெச் ஸ்க்ரூவை, அதாவது முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் அளவை வைக்கிற ஸ்க்ரூவை, உள்ளே திருப்பினால் சத்தம் கூர்மையாக ஏறும், பவர் கூடினதுபோல் இருக்கும். உண்மையில் பெட்ரோலைக் குறைத்திருக்கிறீர்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். பையனுக்கு ரெண்டு மரம்தான் கிடைத்தது.

இனி மாமாவின் கால். ஆஃப் ஆகாமல் இருக்கட்டும் என்று ஐடிலிங் ஸ்க்ரூவையும் ஏற்றி வைத்திருந்தார்கள். கிளட்ச் பிடித்து, ஆக்சிலேட்டரில் கை வைக்காமலே செயின் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த மூட்டுக்குப் போகும்போது அவர் செயின் பிரேக்கும் போடவில்லை, ஆஃப் பண்ணவும் இல்லை. சரிவில் கால் வழுக்கி மிஷின் தொடையில் சாய்ந்தது. 14 தையல். கையை எடுத்தால் செயின் அசையக்கூடாது. அசைந்தால் அந்த மிஷினைக் கொண்டு ஒரு கம்பைக்கூட அறுக்காதீர்கள்.

முதலில் நீங்களே பார்க்கவேண்டியது பிரீதர்தான். மிஷின் ஆறினபின், அறுக்காமல் தரையில் வைத்து, பெட்ரோல் மூடியை லேசாகத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் சிந்தாமல், பக்கத்தில் பீடி இல்லாமல். இப்போது ஆக்சிலேட்டர் கொடுத்தும் ஆஃப் ஆகாவிட்டால் குற்றம் பிரீதரில். அப்போதும் ஆஃப் ஆனால் டேங்குக்குள் வளைத்த கம்பி விட்டு பெட்ரோல் ஃபில்டரை வெளியே எடுங்கள். கறுத்துப் போயிருந்தால் ஊதிக் கழுவி திரும்பப் போடவேண்டாம், புதுசு வாங்கிப் போடுங்கள். கூடவே டியூபை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரியும். ஏர் ஃபில்டரைச் சொல்லவே வேண்டாம், ரப்பர் அறுக்கிறவர்கள் தினமும் கழற்றித் தட்டவேண்டும்.

சைலன்சர் வாயில் வலை இருக்கும் மாடல்களில் அது கரி பிடித்து அடைத்தாலும் இதே கோளாறுதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் "ஆயில் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லது" என்ற நினைப்பு. மிஷினோடு வந்த புத்தகத்தில் பெட்ரோலுக்கு ஆயில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. டூ ஸ்ட்ரோக்குக்கான டூ டி ஆயில் மட்டும். பாட்டில் மூடியால் அளந்து, கண்ணால் நிறம் பார்த்து ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் சும்மா கிடந்த மிஷின் என்றால் நான் நேராகக் கார்பரேட்டரைத்தான் திறப்பேன். உள்ளே இருக்கிற டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு, புதுசாக இருக்கும்போது விரல் நுனியில் துவண்டு கிடக்கும். பழையது காய்ந்த வாழைச் சருகுபோல் சடசடக்கும். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். கேரளாவைவிட இங்கே விலை குறைவு என்று கேனில் வாங்கி, ஆயில் கலந்து, மாசக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மழையில் மரம் அறுக்கிற வேலை நின்றால் டேங்கைக் காலி பண்ணி, மிச்சம் தீரும்வரை ஓட்டி வையுங்கள். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள்.

பாதி அறுத்த மரத்தில் மிஷின் நின்றால் அங்கேயே உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றடித்தால் அந்த மரம் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும்? முதலில் மரத்தடியை விட்டு விலகுங்கள். எல்லோரையும் விலக்குங்கள். வேறு மிஷின் வரவழைத்து அந்த மரத்தை முடித்த பிறகு உங்கள் மிஷினைப் பார்க்கலாம்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் ஸ்க்ரூவைத் தொடாமல் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே தொட்டிருந்தால் எதை எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள், நான் ஏசமாட்டேன். கலந்து வைத்த பெட்ரோலில் மிச்சமிருந்தால் அந்த பாட்டிலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.