விளக்கு பச்சையாக எரிகிறது, வங்கி சைட் மட்டும் திறக்கவில்லையா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகம். புது ரவுட்டர் மாட்டிய நாளிலிருந்து கணக்குப் பார்க்கும் அக்காவுக்குத் தலைவலி. வாட்ஸ்அப் போகிறது, பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன சோதனைத் தகவல்) அடித்தால் பதில் வருகிறது, ஆனால் வங்கி சைட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மெயிலில் பெரிய பிடிஎஃப் சேர்த்தால் பாதியில் நின்றுவிடுகிறது. போன் டேட்டாவில் அதே சைட் சட்டென்று திறக்கிறது. வைரஸ் என்று நினைத்து இரண்டு கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்துவிட்டார்கள். பாவம், பழைய பில் ஃபைல்கள் கொஞ்சம் அதில் போயேவிட்டன.

ரவுட்டரில் வேன் (WAN, வெளி இணையத்தோடு சேர்க்கும் அமைப்புகள்) பக்கத்தைத் திறந்தேன். இணைப்பு வகை பிபிபிஓஇ (PPPoE, யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் முறை), யூசர்நேம் சரி, பாஸ்வேர்ட் சரி, 'கனெக்டட்' என்றும் காட்டுகிறது. எம்டியு (MTU, ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் துண்டு, எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு) மட்டும் 1500.

கோளாறு அங்கேதான். ஈதர்நெட்டில் (கேபிள் வழி நெட்வொர்க்கில்) ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு (பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் விவரத்துக்கு) அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 1492. ரவுட்டர் 1500 என்று நம்பிக்கொண்டு அனுப்பினால் சின்ன பாக்கெட் எல்லாம் தாராளமாகப் போகும், முழு அளவு பாக்கெட் மட்டும் வழியில் விழுந்துவிடும். 'இது பெரிது, சின்னதாக அனுப்பு' என்று தகவல் சொல்வது ஐசிஎம்பி (ICMP, நெட்வொர்க்கில் கோளாறுச் செய்தி சொல்லும் முறை) வேலை. ஆனால் பாதுகாப்பு என்று நினைத்து அதை ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்து வைக்கும் இடங்கள் நிறைய, அதனால் அனுப்புகிறவருக்கு விஷயமே தெரியாமல் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார், நாம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நீங்களே சோதிக்கலாம். துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். போகவில்லை, 1464 போகிறது என்றால் 28 பைட் தலைப்பைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 1492. அங்கே எம்டியுவை 1492 ஆக்கி, எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை (ஒரு பாக்கெட்டுக்குள் போகும் உண்மையான தகவலின் அளவுக்கு வரம்பு வைப்பதை) 1452 என்று போட்டேன் (1492-இல் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 கழிந்தது). ரவுட்டர் மறுபடி இணைந்ததும் வங்கி சைட் வந்துவிட்டது. அக்கா ஒன்றும் பேசவில்லை, நேராக டீ சொல்லி அனுப்பினார்.

டைனமிக் ஐபி இணைப்பு (யூசர்நேம் கேட்காமல் தானாக முகவரி கிடைக்கும் வகை) என்றால் இந்த 8 பைட் கதை கிடையாது, 1500 அப்படியே இருக்கட்டும்.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி. தேவை இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியில், தொலை நிர்வாகத்துக்கான 7547 போர்ட் (ரவுட்டருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாக நடந்த தாக்குதலில் டாய்ச்சே டெலிகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு முடங்கியது.

அப்புறம், தயவுசெய்து ரவுட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் குண்டூசியைக் குத்தாதீர்கள். குத்தினால் யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் எண் (VLAN, இணைப்பு கொடுத்தவர் தரும் தடத்தின் எண்) எல்லாம் அழிந்து, இணைப்பு கொடுத்தவரைப் பிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். குத்தியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன்னால் வேன் பக்கத்தை ஒரு போட்டோ எடுங்கள். பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அலுவலகத்தில் இப்போது இவை எல்லாம் ஒரு தாளில் எழுதி பீரோவில் இருக்கின்றன, கடைசி வரியில் 1492, 1452 என்று சிவப்பு மையில்.