வைரசு, பற்றீரியா: ‘கிருமி’க்குள் அடங்கும் இரு வேறு பொருள்கள்

மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறையின் வயற்கிராமங்களிலும், காய்ச்சலானாலும் ஆறாத புண்ணானாலும் ‘கிருமி தொற்றிவிட்டது’ என்றே சொல்வார்கள். புழுவைக் குறித்த வடசொல்லாகிய கிருமி, கண்ணுக்குத் தெரியாமல் நோய் தருபவை அனைத்துக்கும் இன்று பொதுப்பெயராக நிற்கிறது. அந்த அளவில் அதில் பிழையில்லை. ஆனால் எந்த மருந்து பயன்தரும், எது பயன்தராது என்று கேட்கும் இடத்தில் வைரசையும் பற்றீரியாவையும் பிரித்தே சொல்ல வேண்டும்.

சிறு கோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பற்றீரியா வந்தது. நுணுக்குக்காட்டியில் முதலில் கண்டவை கோல் வடிவில் இருந்ததே காரணம். தமிழகத்தார் பாக்டீரியா என்று எழுதுவதை இலங்கைப் பாடநூல்கள் பற்றீரியா என்று எழுதுகின்றன. இது தனக்கென ஒரு கலம் (செல்) உடைய முழுமையான உயிர். உணவு கிடைத்தால் தானே வளர்ந்து, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும்.

வைரசு என்ற இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்பது பொருள். பழைய மருத்துவர்கள் நோய் தரும் நச்சுநீரை அப்படி அழைத்தார்கள். 1892 இல் ரஷ்ய ஆய்வாளர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலை இலையின் சாற்றைப் பற்றீரியா புக முடியாத நுண்துளை வடிகட்டியில் வடித்தபோதும், வடிந்த சாறு நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. 1898 இல் அதே சோதனையைத் தாமும் செய்த ஒல்லாந்து ஆய்வாளர் பெய்யெரிங்க், வடிகட்டியில் அகப்படாத அந்தப் பொருள் உயிருள்ள கலங்களில் மட்டுமே பெருகுவதைக் கண்டு, அதற்கு வைரசு என்ற பழைய சொல்லையே வைத்தார். வைரசு என்பது புரத உறைக்குள் பொதிந்த மரபுப்பொருள். சிலவற்றில் அதன்மேல் கொழுப்புறையும் இருக்கும். தனக்கெனக் கலம் இல்லாததால், புகுந்த கலத்தின் உறுப்புகளைக் கொண்டே தன் பிரதிகளை ஆக்கிக்கொள்கிறது.

இதற்குத் தமிழில் நச்சுயிரி, தீநுண்மி என்ற இரண்டு ஆக்கங்கள் வழங்குகின்றன. நச்சுயிரி இலத்தீன் பொருளைக் காப்பாற்றினாலும், தனித்து உயிர்வாழாத ஒன்றை உயிரி என்றே அழைத்துவிடுகிறது. தீநுண்மியில் அந்தக் குறை இல்லாததால் எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. பற்றீரியாவை நுண்ணுயிரி என்பவர்கள், பூஞ்சைகள் பலவும் அச்சொல்லுக்குள் வருவதைக் கவனிக்க வேண்டும்; அதற்கு வழங்கும் கோலுயிரி என்ற பெயர் கிரேக்கச் சொல்லின் பொருளோடு ஒத்துப்போகிறது. எனினும் நம் வைத்தியசாலைகளில் வைரசு, பற்றீரியா என்பவையே வழங்குவதால், நோயாளியிடம் பேசும்போது அவற்றையே கொள்வது நல்லது.

பென்சிலின் பற்றீரியாவின் கலச்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. டொக்சிசைக்கிளின் அது புரதம் ஆக்குவதைத் தடுக்கிறது. வைரசுக்குக் கலச்சுவரும் இல்லை, சொந்தமாகப் புரதம் ஆக்கும் உறுப்பும் இல்லை. ஆகவே இம்மருந்துகளுக்கு அதில் தாக்குவதற்கு இடமே கிடையாது. எலிக்காய்ச்சல் அபாயமுள்ள இடங்களில் வயலில் இறங்குவோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் டொக்சிசைக்கிளின் கொடுப்பது, அந்நோய் பற்றீரியாவால் வருவதனால்தான். அதே உடல் நோவோடும் தலையிடியோடும் வரக்கூடிய டெங்கு வைரசால் வருவது. அந்தக் குளிசை அதற்கு உதவாது.

1983 இல் பாரிசின் பாஸ்தர் நிறுவனத்தில் பிரான்சுவாசு பாரே-சினூசியும் லுக் மொந்தாஞ்ஞேயும் இனங்கண்ட எச்.ஐ.வி, மனித நிர்ப்பீடனக் குறைபாட்டு வைரசு என்று நம் வழக்கில் விரியும். உடலைக் காக்க வேண்டிய சிடி4 கலங்களுக்குள்ளேயே அது புகுகிறது, தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றி, அக்கலத்தின் மரபுப்பொருளோடு இணைத்துவிடுகிறது. அவ்வாறு இணைந்தபின் சில கலங்களில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் அதை இன்றைய மாத்திரைகளால் அகற்ற முடியவில்லை. பெருகுவதை மட்டும் நிறுத்த முடிகிறது. நாள்தோறும் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவின் வழியே அது பிறருக்குத் தொற்றுவதில்லை. இதை நம் ஊர்களில் உரத்துச் சொல்ல வேண்டும். தொற்று உள்ளவரை ஒதுக்கிவைக்கும் கொடுமைக்கு அறியாமையே பெரும் துணையாக நிற்கிறது.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குகளில் எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் சேர்த்தே இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது. இரண்டும் உடலுறவால் பரவும். தாயிடமிருந்து சேய்க்கும் செல்லும். எனினும் பற்றீரியாவால் வரும் சிபிலிசு பென்சிலின் ஊசியால் குணமாகிறது, எச்.ஐ.வி உள்ள தாயோ பிரசவத்துக்குப் பின்னும் வாழ்நாள் முழுவதும் மாத்திரை எடுக்க வேண்டும். இரண்டும் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சான்றளித்தது.

மருந்துகளின் பெயரிலும் இந்தப் பிரிவு தெரிய வேண்டும். பற்றீரியாவுக்கான மருந்தை நுண்ணுயிர்க்கொல்லி என்று அழைப்பது நிலைத்துவிட்டது. எச்.ஐ.வி.க்கான மாத்திரைகள் வைரசைக் கொல்வதில்லை, அது பெருகாமல் தடுத்து நிறுத்துகின்றன. எனவே அவற்றை வைரசுக்கொல்லி என்னாது வைரசு எதிர்ப்பு மருந்து என்றே எழுத வேண்டும்.